நெல் உலர்த்திய முற்றத்தில் ஒரு துணிச் சந்தை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விழைவோர் கோட்டைகளையும் அரண்மனைகளையும் தேடிச் செல்வதே வழக்கம். ஆனால் கோட்டையைக் கட்டியவன் யார் என்பதைக் கல்வெட்டு சொல்லிவிடும். அக்கோட்டையின் நிழலில் வாழ்ந்தவர்கள் எதை உண்டனர், எதை உடுத்தினர், எவ்வாறு பிழைத்தனர் என்பதைச் சொல்லும் இடம் வேறு. அதுதான் சந்தை. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பகலில் கூடுவதை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் பெயரிட்டு வேறுபடுத்தினர். துணி விற்றவரை அறுவை வாணிகர் என அழைத்தனர். அவர்களுள் ஒருவராகிய மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் சங்கப் புலவர் வரிசையிலும் இடம் பெற்றார். எனவே துணிச் சந்தை ஒன்றின் கதையைக் கேட்கத் தமிழருக்கு நீண்ட முன்னுரை வேண்டியதில்லை.

நாம் இங்கே காணவிருக்கும் சந்தை, தைவான் தீவின் தலைநகராகிய தாய்பெய் நகரில் உள்ளது. யோங்லே சந்தை என்பது அதன் பெயர். 'யோங்லே' என்றால் நீங்காத மகிழ்ச்சி என்று பொருள். தைவானின் அல்லங்காடிகள் உலகப் புகழ் பெற்றவை. அத்தீவுக்குச் செல்வோர் பலரும் அவற்றையே நாடுவர். யோங்லேயோ நாளங்காடி. கூரையின்கீழ், சுவர்களுக்குள் அடங்கிய பழைய பாணிச் சந்தை. அதன் கீழ்த்தளத்தில் உணவு, மேல்தளத்தில் துணி. உண்ண உணவும் உடுக்க உடையும் ஒரே கட்டடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கும் அவ்விடத்தில், ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மடிப்புகளுள் சில அழகானவை. சில இரத்தக் கறை படிந்தவை.

முற்றம் ஊரான கதை

யோங்லே சந்தை இருக்கும் பகுதிக்குத் தாதாவ்செங் என்று பெயர். 'நெல் உலர்த்தும் பெரிய முற்றம்' என்பது அதன் பொருள். தம்சுயி ஆற்றின் கிழக்குக் கரையில் இருந்த அவ்வெளியில் உழவர்கள் தம் நெல்லைப் பரப்பிக் காயவைத்தனர். அறுவடைக் காலம் தவிர மற்ற நாள்களில் அது வெறும் திடலாகக் கிடந்தது.

1851ஆம் ஆண்டில் கீலுங் துறைமுகப் பகுதியில் கடற்கொள்ளையர் அச்சம் மிகுந்தபோது, லின் லான்தியென் என்னும் வணிகர் அங்கிருந்து இடம் பெயர்ந்து இம்முற்றத்தின் அருகே கடைகள் கட்டினார். ஊரின் முதல் கடைகளாக அவை நினைவுகூரப்படுகின்றன. ஆனால் ஒரு சில கடைகளால் மட்டும் ஊர் உருவாகிவிடாது. ஊரை உருவாக்கியது ஒரு பெருந்துயரம்.

ஆற்றின் மேற்பகுதியில் மெங்சியா என்னும் துறைமுக நகரம் அப்போது செழித்திருந்தது. அங்கே குடியேறியிருந்தோர் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் சீனப் பெருநிலத்தின் ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் ஒரே சுவான்சௌ வட்டாரத்தைச் சேர்ந்தவர்களே மிகுதி. பேச்சு ஒன்று, பழக்கவழக்கம் ஒன்று, வழிபாடும் ஏறத்தாழ ஒன்று. எனினும் படகுத்துறை யாருக்கு என்ற போட்டி அவர்களை இரண்டாகப் பிளந்தது. மூன்று மாவட்டத்தார் ஒருபுறமும் தொங்ஆன் மாவட்டத்தார் மறுபுறமுமாக 1853இல் ஆயுதம் ஏந்தினர். வீடுகள் எரிந்தன. கோவிலும் எரிந்தது. தோற்றுப்போன தொங்ஆன் மக்கள் தம் நகர்க்காவல் தெய்வத்தின் சிலையைச் சுமந்துகொண்டு ஆற்றோரமாக வடக்கே ஓடினர். அச்சிலையைக் காக்கும் முயற்சியில் 38 பேர் உயிரிழந்தனர் என்பது அம்மக்களின் நினைவு. ஓடி வந்தவர்கள் அடைக்கலம் புகுந்த இடமே நெல் உலர்த்திய அந்த முற்றம். 1859இல் அவர்கள் கட்டி முடித்த சிறு கோவில் இன்றும் சந்தைக்கு மிக அருகில் இருக்கிறது. அந்த 38 பேரும் அங்கே நினைவுகூரப்படுகின்றனர்.

ஒரே நிலத்தில் பிறந்தவர்கள், ஒரே மொழி பேசுகிறவர்கள், ஒரு படகுத்துறைக்காக ஒருவர் வீட்டுக்கு மற்றவர் தீ வைத்தனர் என்பது நமக்கு வியப்பளிக்கக்கூடாது. மனித வரலாறு எங்கும் இதனைக் கண்டிருக்கிறது. வியப்பளிப்பது பின்னர் நடந்தது. வென்றவர்களின் துறைமுகம் காலப்போக்கில் மணல் மேடிட்டுப் பெரிய படகுகள் வர இயலாததாயிற்று. துரத்தப்பட்டவர்கள் குடியேறிய முற்றமோ வளர்ந்தது.

தேயிலை கொணர்ந்த செல்வம்

அவ்வளர்ச்சிக்குக் காரணம் தேயிலை. 1858ஆம் ஆண்டின் தியென்சின் உடன்படிக்கையை அடுத்துத் தம்சுயி துறைமுகம் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1860களில் ஜான் டாட் என்னும் பிரித்தானிய வணிகர் அங்கே வந்தார். வட தைவானின் மலைச்சரிவுகள் தேயிலைக்கு ஏற்றவை என்பதை அவர் கண்டுகொண்டார். ஷியாமென் நகரிலிருந்து வந்த லீ சுன்ஷெங் என்னும் இளைஞர் அவருக்கு வலக்கரமாக அமைந்தார். இவர் கிறிஸ்தவர். ஆங்கிலமும் வணிக நுணுக்கமும் அறிந்தவர். ஃபூஜியனின் அன்ஷி வட்டாரத்திலிருந்து நாற்றுகளை வரவழைத்து உழவர்களுக்குக் கொடுத்தனர். அதுவரை தைவான் இலைகளைக் கடல் கடந்து அனுப்பியே பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வேலையையும் இவ்விருவரும் தீவிலேயே செய்யத் தொடங்கினர். 1869இல் இரண்டு பாய்மரக் கப்பல்களில் 2,131 பிக்கல், அதாவது ஏறத்தாழ 127 டன் ஊலாங் தேயிலை நேரே நியூயார்க் நகருக்குச் சென்றது. 'ஃபார்மோசா தேயிலை' என்ற பெயர் உலகச் சந்தையில் நிலைபெற்றது.

தேயிலைக் கிடங்குகள் யாவும் தாதாவ்செங்கில் எழுந்தன. பருவம் வந்துவிட்டால் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலைக்கு வருவர். கடைகளின் முன்புறம் கூரையிட்ட நடைவழி ஒன்று தொடர்ச்சியாக அமைந்திருப்பது அவ்வூரின் கட்டட மரபு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கத் தகுந்த அந்நடைவழிகளில் வரிசையாக அமர்ந்து, மூங்கில் தட்டுகளில் பரப்பிய இலைகளிலிருந்து காம்பையும் பழுப்பையும் அவர்கள் விரலால் பொறுக்கி நீக்கினர். நியூயார்க்கில் கோப்பையில் மணத்த தேநீருக்குப் பின்னால் இந்த விரல்கள் இருந்தன. வணிகர்களின் பெயர்கள் ஏட்டில் உள்ளன. இப்பெண்களுள் எவர் பெயரும் நமக்குத் தெரியாது.

1885இல் தைவான் தனி மாநிலமாக்கப்பட்டது. அதன் முதல் ஆளுநர் லியூ மிங்சுவான் கீலுங்கிலிருந்து தாய்பெய்க்கு இருப்புப்பாதை அமைத்தார். 1891இல் முதல் இரயில் வந்து நின்ற இடம் தாதாவ்செங் அருகேதான். தேயிலை வெளியே சென்ற பாதையில் துணியும் மருந்தும் பிற பண்டங்களும் உள்ளே வந்தன. முற்றம் நகராயிற்று.

கூரை வந்தது

1895ஆம் ஆண்டு ஷிமோனோசெகி உடன்படிக்கையின்படி தைவான் ஜப்பானின் ஆட்சிக்குள் சென்றது. அடுத்த ஆண்டிலேயே தீவில் கொள்ளைநோய் பரவியது. இருபது ஆண்டுகள் அந்நோய் விட்டு விட்டு வந்து வாட்டியது. புதிய ஆட்சியாளர் நகரின் துப்புரவில் கண்டிப்புக் காட்டினர். தெருவோரத்தில் இறைச்சியும் மீனும் விற்பதைத் தடுத்து, வடிகாலும் கூரையும் உள்ள பொதுச் சந்தைகளுக்குள் வணிகர்களைக் கொண்டுவந்தனர். 1908இல் நகரின் மேற்கு வாயிற்பகுதியில் எண்கோண வடிவில் எழுந்த செங்கல் சந்தைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதே 1908இல்தான் தாதாவ்செங்கிலும் பொது உணவுச் சந்தை அமைந்தது. பிற்பாடு அப்பகுதிக்கு யோங்லே எனப் பெயர் சூட்டப்பட்டபோது சந்தையும் அப்பெயரைப் பெற்றது.

உணவுக்கென்று அமைந்த சந்தை துணிக்குப் பெயர் பெற்றது எவ்வாறு? ஜப்பானிய ஆலைகளில் நெய்து அச்சிட்ட பருத்தித் துணிகள் கப்பலில் வந்து இறங்கின. அவற்றை வாங்கி விற்க, மக்கள் நாள்தோறும் தவறாமல் வரும் இடமே ஏற்றது. காய்கறி வாங்க வரும் இல்லத்தரசியே துணியும் வாங்குகிறவள். ஆகவே உணவுச் சந்தையைச் சுற்றித் துணிக் கடைகள் சேர்ந்தன. வயிற்றுக்கு வருவோரை நம்பி உடல் மறைக்கும் தொழில் வளர்ந்தது எனலாம். கடைகளில் வேலை பழகச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்கள் வந்தனர். தரை பெருக்கி, தான்களைச் சுமந்து, கணக்கு எழுதப் பழகி, பின் தாமே முதலாளியானவர்கள் உண்டு. தைவானின் பெருந்தொழில் குழுமங்களுள் ஒன்றை நிறுவிய வூ ஹோ-சு அவ்வாறு துணிக்கடைப் பையனாகத் தொடங்கியவரே.

உண்டபின் உடுத்தி மகிழக் கலையும் வந்தது. 1924இல் தேயிலை வணிகரின் முதலீட்டில் எழுந்த யோங்லே நாடக அரங்கில் பீக்கிங் இசை நாடகமும் உள்ளூர் மொழி நாடகமும் நடந்தன. நாடகத்துக்கு ஆடை வேண்டும். அதற்கும் அருகிலேயே துணி இருந்தது.

ஒரு கைம்பெண்ணின் சிகரெட்டுகள்

இனி வருவது கனத்த பகுதி. 1945இல் போர் முடிந்து ஜப்பானியர் வெளியேறினர். சீனக் குடியரசின் அதிகாரிகள் பொறுப்பேற்றனர். மக்கள் தெருக்களில் திரண்டு வரவேற்றனர். ஆனால் அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. விலைவாசி கட்டுக்கடங்காமல் ஏறியது. அரிசி விளையும் தீவில் அரிசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. வேலை இழந்தோர் ஏராளம். புகையிலையும் மதுவும் அரசின் தனியுரிமை என்ற பழைய ஏற்பாடு தொடர்ந்தது. உரிமமின்றிச் சிகரெட் விற்பது குற்றம். ஆயினும் வேறு வழியற்ற ஏழைகள் தெருவோரத்தில் அதை விற்றுப் பிழைத்தனர்.

1947ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் மாலை. சந்தையிலிருந்து சிறிது நேரம் நடந்தால் எட்டிவிடும் தியென்மா தேநீர் இல்லத்தின் அருகில், லின் ஜியாங்மாய் என்னும் கைம்பெண் சிகரெட் விற்றுக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பது. பிள்ளைகளைத் தனியாக வளர்த்து வந்தவர். தனியுரிமைத் துறையின் சோதனை அலுவலர்கள் வந்தனர். அவருடைய சிகரெட்டுகளையும் கையிலிருந்த பணத்தையும் பறித்துக்கொண்டனர். அவர் மன்றாடினார். அலுவலர் ஒருவர் கைத்துப்பாக்கியால் அவர் தலையில் அடித்தார். குருதி வழிந்தது. கண்டு கொதித்த மக்கள் சூழ்ந்துகொண்டனர். தப்பியோடிய அலுவலர் ஒருவர் சுட்டதில், அங்கு நின்றுகொண்டிருந்த சென் வென்ஷி என்னும் இளைஞர் குண்டு பாய்ந்து இறந்தார்.

மறுநாள், பிப்ரவரி 28. நீதி கேட்டு ஆளுநர் அலுவலகம் நோக்கிச் சென்ற கூட்டத்தின்மீது காவலர்கள் சுட்டனர். தீவெங்கும் கிளர்ச்சி மூண்டது. மார்ச் 8ஆம் நாள் பெருநிலத்திலிருந்து படைகள் கீலுங்கில் வந்திறங்கின. அதன்பின் நடந்தது பழிவாங்கும் வேட்டை. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், மாணவர், தொழிலாளர் எனப் பலரும் பிடித்துச் செல்லப்பட்டனர். பலர் திரும்பவேயில்லை. 1992இல் அரசே வெளியிட்ட ஆய்வறிக்கை, இறந்தோர் 18,000 முதல் 28,000 வரை இருக்கலாம் என மதிப்பிட்டது.

1949இல் பிறப்பிக்கப்பட்ட படைச்சட்டம் 1987 வரை நீடித்தது. அவ்வளவு காலமும் இந்நிகழ்ச்சியைப் பற்றி வாய் திறப்பது இடர் தரும் செயலாக இருந்தது. பாடநூலில் அது இல்லை. செய்தித்தாளில் அது இல்லை. வீட்டுக்குள்ளேயே தாய் மகனிடம் சொல்லத் தயங்கினாள். தந்தை ஏன் வரவில்லை என்று கேட்ட குழந்தைக்கு விடை கிடைக்கவில்லை. 1995இல்தான் குடியரசுத் தலைவர் லீ தெங்ஹுய் அரசின் சார்பில் குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். 1997 முதல் பிப்ரவரி 28 பொது விடுமுறை நாளாயிற்று. அடி விழுந்த இடத்தில் இன்று நினைவுக் கல் ஒன்று நிற்கிறது.

ஒரு தீவின் வரலாற்றைத் திருப்பிய நிகழ்ச்சி எங்கே தொடங்கியது என எண்ணிப் பாருங்கள். போர்க்களத்தில் அன்று, அரசவையிலும் அன்று, தெருவோரத்தில் அமர்ந்து விற்ற ஓர் ஏழைப் பெண்ணிடம் அது தொடங்கியது. சட்டம் அலுவலர் பக்கம் இருந்தது என்பது உண்மை. ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும் என்ற சட்டம் அதனினும் பழையது. அதை மறந்த ஆட்சி தன் மக்களையே பகையாக்கிக்கொண்டது.

மாவு மூட்டையும் பூத் துணியும்

1949 ஜூன் மாதத்தில் பழைய பணம் 40,000 கொடுத்தால் புதிய தைவான் டாலர் ஒன்று என்ற நிலை வந்தது. சேமித்தவர்களின் சேமிப்பு காற்றில் கரைந்தது. அந்நாளில் புதுத் துணி என்பது பலருக்குக் கனவு. 1951 முதல் 1965 வரை அமெரிக்க உதவி வந்தது. கோதுமை மாவு வந்த பருத்தி மூட்டைகளை வீணாக்காமல் பிரித்துத் துவைத்து, குழந்தைகளுக்குக் கால்சட்டை தைத்தனர். மூட்டையில் அச்சிட்டிருந்த, கைகுலுக்கும் இரு கைகளும் 'நிகர எடை' என்ற எழுத்துகளும் கால்சட்டையின் பின்புறத்தில் தெரியும். அத்தலைமுறையினர் இதனைச் சிரித்துக்கொண்டே சொல்வர். வறுமையைச் சிரிப்பால் கடந்தவர்களின் சிரிப்பு அது.

அமெரிக்கப் பஞ்சும் உதவியாக வந்தது. அரசு பஞ்சை ஆலைகளுக்குக் கொடுத்து, நூற்கவும் நெய்யவும் கூலி தந்து, துணியைத் தானே பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. அயல்நாட்டுத் துணி வராமல் தடுத்தது. சில ஆண்டுகளில் தைவான் தனக்கு வேண்டிய துணியைத் தானே நெய்துகொண்டது. 1960களில் ஏற்றுமதியும் பெருகியது. யோங்லே சந்தையைச் சூழ்ந்த தெருக்கள் தீவு முழுமைக்கும் துணி அனுப்பும் மொத்த வணிக மையமாயின.

அக்காலத்தின் சின்னமாக நிற்பது பூத் துணி. சிவப்பு, இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய அடர்நிறப் பின்புலத்தில் பெரிய பெரிய பியோனி மலர்கள் அச்சிட்ட பருத்திச் சீட்டி அது. மெத்தைப் போர்வைக்கும் தொட்டிலுக்கும் மணப்பெண்ணின் சீருக்கும் அதையே வாங்கினர். பின்னர் செல்வம் வந்தது. மேனாட்டுப் பாணிப் படுக்கை விரிப்புகள் வந்தன. பூத் துணி பாட்டியின் பெட்டிக்குள் ஒதுங்கியது. அதை வெளியே எடுப்பதற்கே இளையோர் கூசினர். 1990களின் இறுதியில் ஓவியர் மைக்கேல் லின் அம்மலர்களைக் கண்காட்சிக் கூடங்களின் தரையிலும் சுவரிலும் மிகப் பெரிதாகத் தீட்டினார். 2001இல் வெனிஸ் நகரின் பன்னாட்டுக் கலைவிழாவில் தைவானின் சார்பில் அவை இடம் பெற்றன. பாட்டியின் பெட்டியில் இருந்தது பெருமைக்குரியது என்பதை அயலார் மெச்சியபின்தான் பேரப்பிள்ளைகள் கண்டுகொண்டனர். இது தைவானுக்கு மட்டும் உரிய குறையா?

சந்தைக்குள் ஒரு நடை

இன்றைய கட்டடம் 1980களில் பழையதை இடித்து எழுப்பிய ஒன்பது தளக் கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் அழகு என்று சொல்ல முடியாது. உள்ளே நுழைந்தால்தான் அதன் உயிர் தெரியும். தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுவது தைவானியர் வழக்கம்.

காலையில் முதல் தளம் விழித்துக்கொள்கிறது. இறைச்சி, மீன், காய்கறிகளோடு சமைத்த உணவும் கிடைக்கிறது. 1894 முதல் தொடர்ந்து நடக்கும் எண்ணெய்ச் சோற்றுக் கடை ஒன்று இங்கே உண்டு. ஊறவைத்த பசையரிசியை ஆவியில் வேகவைத்து, நல்லெண்ணெயில் பொரித்த சிறுவெங்காயம், காளான், உலர் இறால், பன்றி இறைச்சி ஆகியவற்றோடு கலந்து செய்வது எண்ணெய்ச் சோறு. குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும், கோழிக்காலும் சிவப்புச் சாயமிட்ட முட்டையும் சேர்த்து இச்சோற்றை உற்றார் உறவினருக்கு அனுப்புவது குடும்ப மரபு. ஒரு புதிய உயிர் வந்துவிட்டது என்ற செய்தியை அந்நாளில் அஞ்சலைவிட இச்சோறே விரைந்து கொண்டுசேர்த்திருக்கும்.

பக்கத்தில் சிவந்த ஆமைப் பலகாரம் இருக்கும். பசையரிசி மாவில் பருப்புப் பூரணம் வைத்து, ஆமை ஓட்டின் வடிவம் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, இலைமேல் வைத்து வேகவைப்பர். ஆமை நீண்ட ஆயுளின் அடையாளம். நமது பூரணக் கொழுக்கட்டையை அறிந்தவருக்கு அதன் சுவையை ஊகிப்பது அரிதன்று.

மெல்லிய மாவு ஏடு சுடுவதையும் காணலாம். இளகிய மாவைக் கையில் ஏந்தி, சூடேறிய இரும்புக் கல்லில் ஒரு சுற்றுத் தேய்த்து எடுத்தால், கல்லில் ஒட்டிய மெல்லிய படலமே ஏடாகிறது. கண் இமைக்கும் நேரத்தில் அது உரிந்து வரும். முட்டைக்கோஸ், முளைப்பயறு, இறைச்சி, வேர்க்கடலைப் பொடி ஆகியவற்றை அதில் வைத்துச் சுருட்டி உண்பர். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் முன்னோரின் கல்லறைகளைத் தூய்மை செய்யும் நாளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்நாளில் ஏடு வாங்க நீண்ட வரிசை நிற்கும். கல்லறைத் திருநாளன்று பூவும் மெழுகுவர்த்தியும் ஏந்திச் செல்லும் நமக்கு அவ்வரிசையில் நிற்போரின் உள்ளம் விளங்கும்.

முற்பகலில் இரண்டாம் தளம் களைகட்டுகிறது. சிறு சிறு கடைகள். இடைவழிகளோ குறுகியவை. தரை முதல் கூரை வரை துணிச் சுருள்கள் நிற்கின்றன, கிடக்கின்றன, தொங்குகின்றன. சட்டைப் பருத்தி, பட்டு, கம்பளி, திரைச்சீலைத் துணி, நாடகக் குழுவினருக்கான மின்னும் சரிகைத் துணி, குழந்தைகளுக்கான அச்சுத் துணி என வகைக்குக் குறைவில்லை. கடைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். வாடிக்கையாளர் அவர்களை 'லாவ்பான்நியாங்' என அழைப்பர். முதலாளியம்மா என்று பொருள்.

துணியை அளக்கும் முறையிலும் வரலாறு உண்டு. கஜக்கணக்கும் அடிக்கணக்கும் அங்கே அருகருகே வழங்குகின்றன. தைவானியர் 'ச்சி' என வழங்கும் அடி 30.3 சென்டிமீட்டர். இது ஜப்பானிய ஆட்சி விட்டுச் சென்ற அளவு. ஆங்கிலேயர் வழி வந்த கஜத்துக்கு ஏறத்தாழ அத்தகைய மூன்று அடி சரியாக இருக்கும். உணவுத் தளத்திலும் இதே கதைதான். இறைச்சியை நிறுக்கும் 'ஜின்' 600 கிராம். அரசின் அளவு மெட்ரிக் முறை. ஆட்சிகள் மாறின. தெருக்களின் பெயர்கள் மாறின. சந்தைக்கு முன்னுள்ள தெருவுக்குப் போருக்குப்பின் திஹுவா எனப் பெயரிட்டனர். அது சீனாவின் மேற்கெல்லையில் இருந்த நகரின் பெயர். அந்நகரமே 1954இல் உரும்சி எனப் பெயர் மாறிவிட்டது. தாய்பெய்த் தெரு மட்டும் பழைய பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆனால் முதலாளியம்மாவின் கையிலுள்ள அளவுகோல் இம்மாற்றங்கள் எதற்கும் செவிசாய்க்கவில்லை. விற்பவளும் வாங்குபவளும் ஒப்புக்கொண்ட அளவே அங்கே சட்டம்.

மூன்றாம் தளத்தில் தையற்காரர்கள் இருக்கின்றனர். கீழே வாங்கிய துணியை மேலே கொண்டுசென்றால் சட்டையாகவும் பாவாடையாகவும் திரைச்சீலையாகவும் தைத்துத் தருவர். உச்சித் தளங்களில் நகராட்சியின் நாடக அரங்கு 2011 முதல் இயங்குகிறது. உள்ளூர் இசை நாடகமும் பொம்மலாட்டமும் அங்கே நிகழ்கின்றன. உணவு, துணி, தையல், கூத்து என வாழ்வின் தேவைகள் படிப்படியாக மேலேறும் இக்கட்டடத்தைக் கட்டியவர்கள் தத்துவம் எதையும் எண்ணிக் கட்டியிருக்கமாட்டார்கள். ஆனால் தத்துவம் தானே வந்து அமர்ந்திருக்கிறது.

காப்பாற்றப்பட்ட தெரு

இத்தனையும் அழிந்துபோகும் நிலையும் ஒரு காலத்தில் வந்தது. 1977இல் அரசு வகுத்த திட்டத்தின்படி, 7.8 மீட்டர் அகலமுள்ள திஹுவா தெருவை 20 மீட்டராக அகலப்படுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் இருபுறமும் உள்ள பழைய கடைவீடுகளின் முகப்புகள் இடிபடும். 1988இல் அறிஞர்களும் கலைஞர்களும் ஆர்வலர்களும் 'திஹுவா தெருவை நேசிக்கிறேன்' என்ற முழக்கத்தோடு எதிர்ப்பு எழுப்பினர். படைச்சட்டம் நீங்கி ஓராண்டே ஆகியிருந்த வேளை அது. பேச அஞ்சியிருந்த ஒரு சமுதாயம் முதலில் பேசத் தொடங்கியவற்றுள் ஒரு பழைய தெருவும் இருந்தது என்பது நினைக்கத் தக்கது.

உரிமையாளர் சிலர் அகலப்படுத்துவதையே விரும்பினர். பழைய வீட்டை இடித்து மாடி எழுப்பினால் வருவாய் பெருகும் அன்றோ? அவர்களைப் பேராசைக்காரர் என்று தள்ளிவிடாமல், அவர்களது இழப்புக்கும் ஒரு வழி கண்டனர். 2000ஆம் ஆண்டில் இப்பகுதி வரலாற்றுச் சிறப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழைய வீட்டைப் பேணிக்காக்கும் உரிமையாளர், தாம் கட்டாமல் விட்ட மாடிகளுக்குரிய கட்டட உரிமையை நகரின் வேறு பகுதியில் கட்டுவோருக்கு விற்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. அப்பணம் வீட்டின் முகப்பைச் செப்பனிட உதவியது. மரபைக் காக்கும் சுமையை ஒரு சிலர் தலையில் மட்டும் ஏற்றாமல் ஊர் முழுவதும் பகிர்ந்துகொண்ட முறை இது. அறிவுரை மட்டும் சொல்வோர் கற்கவேண்டிய பாடம் இதில் உண்டு.

இன்று அத்தெருவில் பயணியர் கூட்டம் மிகுதி. 1996 முதல் சீனப் புத்தாண்டுக்கு முந்திய நாள்களில் அங்கே கூடும் பண்டிகைச் சந்தையில் நடக்கவே இடமிராது. பயணியர் வருகை நன்மையும் தீமையும் கலந்தது. பழைய கடைகள் சில தேநீர்க் கூடங்களாகின்றன. வாங்கிய துணியைத் தைத்து உடுத்துவோர் குறைந்து, ஆயத்த ஆடை எங்கும் நிறைந்துவிட்டது. தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்போருள் நரைத்த தலைகள் பல. பார்த்து வியந்து செல்வோர் மட்டுமே மிஞ்சினால் சந்தை காட்சிக்கூடமாகிவிடும். வாங்குபவரும் விற்பவரும் இருக்கும்வரைதான் அது சந்தை.

தாதாவ்செங்கின் கதையில் நம் நெஞ்சில் நிற்பவர்கள் யார்? அடைக்கலம் தேடி ஓடி வந்தவர்கள். நடைவழியில் அமர்ந்து இலை பொறுக்கிய பெண்கள். மாவு மூட்டையில் கால்சட்டை தைத்த தாய்மார்கள். சிகரெட் விற்றதற்காக அடிபட்ட கைம்பெண். இவர்களில் எவரும் வரலாறு படைக்க எண்ணி வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்கள் அல்லர். அன்றன்றைய உணவுக்காகப் புறப்பட்டார்கள். வரலாறு அவர்களைத் தேடி வந்தது. சிலரைக் காயப்படுத்திவிட்டுச் சென்றது.

நம் ஊர்ச் சந்தையிலும் விடியுமுன் கூடையை இறக்கி அமர்ந்திருக்கும் தாய் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசும்முன், தண்டல் கேட்டு அவள் கூடையை எட்டி உதைப்பவனைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்லும்முன், கணநேரம் நின்று எண்ணிப் பார்ப்போம். ஒரு தீவு அவ்வாறு எண்ணத் தவறியதற்கு நாற்பது ஆண்டுகள் மௌனத்தால் விலை கொடுத்தது. நாம் அந்த விலையைக் கொடுக்காமலே அப்பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.